வட்டியில்லாக் கடன் ஒன்று வாங்குவோம்!

(இளைஞர்களும் வணிகர்களும் கூடியிருந்த மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

கடன் என்றாலே அஞ்சுகிற சமுதாயம் நம் சமுதாயம். கடனோடு மரணித்துவிடக் கூடாதே என்று பிரார்த்தனை செய்கிறவர்கள் நாம். வட்டிக் கடையின் வாசலை மிதிக்காதீர்கள் என்று இதே மேடையிலிருந்து பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட உங்களைப் பார்த்து, "கடன் வாங்குங்கள், இன்றே வாங்குங்கள், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் வாங்குங்கள்" என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

வியப்படைய வேண்டாம். நான் சொல்வது நூலகத்தில் வாங்கும் கடன். நூலை எடுத்துவந்து இரண்டு வாரம் வீட்டில் வைத்து வாசித்துவிட்டு, எடுத்தபடியே திருப்பிக் கொடுக்கும் கடன். இதில் வட்டி இல்லை, ஜாமீன்தாரர் இல்லை, வீட்டுப் பத்திரமும் நகையும் கேட்பதில்லை. திருப்பிக் கொடுத்த பிறகும் வாங்கியவரிடம் லாபம் தங்கிவிடும் கடன் உலகில் இது ஒன்றுதான்.

புதுச் சரக்கு வந்த மகிழ்ச்சி

வியாபாரிகளுக்கு ஓர் இன்பம் தெரியும். லாரி ஆபீசிலிருந்து சரக்கு வந்து இறங்கும். கட்டின் கயிற்றை அறுத்து, சாக்கைப் பிரித்து, உள்ளே இருப்பதை முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்ப்போம். புதுத் துணியின் வாசனையும் மடிப்புக் கலையாத அழகும் முதலாளிக்கும் உற்சாகம், கடைப் பையனுக்கும் உற்சாகம். ஆயிரம் முறை பார்த்தாலும் இந்த மகிழ்ச்சி குறைவதில்லை.

நூலகத்திலும் அப்படி ஒரு நாள் உண்டு. பொது நூலக இயக்ககம் வழியாக வாங்கப்பட்ட புதிய நூல்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கும் நாள். நூலகர் அவற்றைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, முத்திரை குத்தி, தேதிச் சீட்டு ஒட்டி, புதிய வரவு என்று தனியே அடுக்குகிறார். வழக்கமாக வருகிற வாசகர்களுக்கு இந்தச் செய்தி எப்படியோ எட்டிவிடும். மறுநாள் காலை கதவு திறக்கும் முன்பே நான்கு பேர் வாசலில் நிற்பார்கள். தேதிச் சீட்டில் ஒரு முத்திரையும் விழாத நூலை முதல் ஆளாகப் பதிந்து கொண்டுபோவதில் அவர்களுக்கு அவ்வளவு ஆசை!

சகோதரர்களே! அந்த நால்வரில் நம் தெருப் பிள்ளை ஒருவன் நிற்கிறானா? இதுதான் என் கேள்வி.

பஜாரில் எந்தக் கடையில் என்ன புதுச் சரக்கு வந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். எந்தக் கம்பெனி என்ன புதுச் செல்போன் விட்டிருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நமதூர் நூலகத்தில் இந்த மாதம் என்ன புது நூல் வந்திருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதாவது தெரியுமா?

அது நம்முடைய பணம்

நூலகம் ஏதோ அரசாங்கம் போடுகிற இலவசம் என்று நினைப்பவர்கள் உண்டு. கடை வைத்திருப்பவர்களே, சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் நாம் செலுத்தும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. ஒரு பேச்சுக்கு, உங்கள் கட்டடத்துக்கு ஆண்டு வரி 6,000 ரூபாய் என்றால், அதன் மேல் 600 ரூபாய் நூலகத்துக்காகவே கட்டுகிறீர்கள். பத்து ஆண்டில் 6,000 ரூபாய்! வாடகைக் கடையில் இருப்பவர்கள் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். கட்டட உரிமையாளர் கட்டும் வரி உங்கள் வாடகைக்குள் இருக்கிறது.

இந்த ஏற்பாடு 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் வந்தது. சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்கென்று ஒரு மாநிலம் இயற்றிய முதல் சட்டம் இதுதான். அதற்காக நெடுங்காலம் உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலகவியலுக்கு அவர் 1931இல் வகுத்த ஐந்து விதிகளை இன்று உலகமே படிக்கிறது. அவற்றின் சாரத்தைக் கடை மொழியில் இப்படிச் சொல்லலாம்: சரக்கு அலமாரியில் தூங்கக் கூடாது, வருகிற ஒவ்வொருவருக்கும் ஏற்ற சரக்கு இருக்க வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் உரியவரைத் தேடிச் சேர்க்க வேண்டும், வந்தவரைக் காக்க வைக்கக் கூடாது, கடை வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நல்ல வியாபாரி எவரும் இதை மறுப்பாரா?

அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சாலை இல்லாத, மின்சாரம் இல்லாத ஊர்களில் விவசாயி வீட்டு வாசலுக்கே நூல் போய் நின்றது. இன்று நூலகம் நம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது. நடப்பதற்குத்தான் ஆள் இல்லை.

கொள்முதலுக்குப் பணம் கொடுத்துவிட்டு, சரக்கை எடுக்காமல் வருகிற வியாபாரியைப் பார்த்திருக்கிறீர்களா? ஊரே சிரிக்கும். ஆண்டுதோறும் நூலக வரி கட்டிவிட்டு ஒரு நாளும் நூலகத்துக்குள் போகாமல் இருப்பது அதே கதைதான்.

ஓர் அடிமைச் சிறுவனின் கதை

இரவல் நூலால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு வரலாற்றிலிருந்து ஒரு மனிதரைக் காட்டுகிறேன். இவரும் வணிகத்தோடு தொடர்புடையவர்தான்.

ஏறத்தாழ 840 ஆண்டுகளுக்கு முன்பு பாக்தாதில் ஒரு சிறுவன் அடிமையாக விற்கப்பட்டான். அவனை வாங்கியவர் அஸ்கர் என்ற வணிகர். அந்த வணிகருக்குக் கல்வி போதாது. கடைக் கணக்கை எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவே சிறுவனைப் படிக்க வைத்தார். சிறுவன் வளர்ந்ததும் எஜமானரின் சரக்கோடு பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவு வரை வணிகப் பயணம் போய் வந்தான். பிறகு விடுதலை கிடைத்தது. நூல்களைப் பிரதி எடுத்துக் கொடுத்துக் கூலி வாங்கிப் பிழைத்தான். பின்னாளில் நூல் வியாபாரமும் செய்தான். அவர்தான் யாகூத் அல்ஹமவீ.

பயணத்தின் போக்கில் யாகூத் மெர்வ் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இன்றைய துர்க்மெனிஸ்தானில் இருக்கிறது அந்த இடம். அந்த ஒரே ஊரில் வக்ஃபு செய்யப்பட்ட நூலகங்கள் பத்து இருந்ததாக அவர் எழுதியிருக்கிறார். ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 12,000 நூல்கள். அவருக்கு அங்கே கிடைத்த சலுகையைக் கேளுங்கள். எப்போது பார்த்தாலும் அவருடைய அறையில் இருநூறு இரவல் நூல்கள் இருக்குமாம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஈடு எதுவும் கேட்கவில்லையாம். அச்சு இயந்திரம் இல்லாத காலம். ஒவ்வொரு நூலும் கையால் எழுதப்பட்டது. தீனார் கணக்கில் விலை போனது. அப்படிப்பட்ட நூல்களை ஒரு வெளியூர்க்காரரை, ஒரு முன்னாள் அடிமையை நம்பிக் கொடுத்தார்கள்! அந்த நூல்களின் இன்பத்தில் தம் ஊரையும் உறவையும் மறந்து கிடந்ததாக அவரே குறிப்பிடுகிறார்.

அங்கே வாசித்துக் குறிப்பெடுத்ததைக் கொண்டுதான் ‘முஃஜமுல் புல்தான்’ என்ற மாபெரும் ஊர் அகராதியில் பெரும் பகுதியை எழுதினார். இன்றுவரை வரலாற்று ஆய்வாளர்கள் அதைப் புரட்டாமல் அந்தக் காலத்து நகரங்களைப் பற்றி எழுத முடியாது.

பிறகு நடந்ததுதான் நெஞ்சைப் பிழிகிறது. மங்கோலியப் படை வருகிறது என்று அறிந்து 1219 வாக்கில் யாகூத் அங்கிருந்து வெளியேறினார். 1221இல் மெர்வ் அழிக்கப்பட்டது. அந்தப் பத்து நூலகங்களும் போயின. ஆனால் இரவல் வாங்கிச் சென்ற ஒருவர் வாசித்துக் குறித்து வைத்தது மட்டும் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதைச் சற்று நின்று சிந்தியுங்கள். நூல் அலமாரியில் இருந்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். அலமாரி எரியும். நம் காலத்திலேயே 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பொது நூலகத்துக்கு உண்மையான காவல் அதை எடுத்து வாசிக்கிற மக்கள்தான். யாரும் தொடாத நூலை நெருப்பே இல்லாமல் கரையான் முடித்துவிடும்.

மறந்துபோன பெருமை

‘ஓதுவீராக’ என்ற கட்டளையோடு தொடங்கிய மார்க்கம் நம்முடையது என்று மேடைதோறும் சொல்கிறோம். பாக்தாதையும் கொர்டோபாவையும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பாட்டனார் ஓட்டிய கப்பலைப் பற்றிப் பேசுவதால் பேரனுக்குப் பயணச்சீட்டு கிடைக்குமா?

அந்தக் காலத்து வணிகர்களின் கதையைப் பாருங்கள். இப்னு நதீம் என்பவர் பாக்தாதில் நூல் வியாபாரம் செய்தவர். தம் காலத்தில் அரபு மொழியில் கிடைத்த நூல்களுக்கெல்லாம் பட்டியல் போட்டு 987இல் ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்ற நூலைத் தந்தார். கடைக்காரர் ஒருவரின் சரக்குப் பட்டியல் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அறிவுலகத்துக்குப் பயன்படுகிறது! பஸராவின் ஜாஹிஸ் வறுமையில் வளர்ந்தவர். நூல் வாங்கக் காசு இல்லாமல், நூல் கடைகளை இரவுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து உள்ளே உட்கார்ந்து விடிய விடிய வாசித்தார் என்று அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. வாடகை வேண்டாம், வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? பாட்னாவுக்கு வாருங்கள். முஹம்மது பக்ஷ் என்ற பெரியவர் மரணப் படுக்கையில் தம் மகன் குதா பக்ஷிடம் 1,400 கையெழுத்துப் பிரதிகளை ஒப்படைத்து, இதைப் பெருக்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிடு என்று கேட்டுக்கொண்டார். மகன் வழக்கறிஞர். தம் வருமானத்தை அதில் கொட்டினார். ஏறத்தாழ 4,000 பிரதிகளோடு 1891இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அது நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். மகனுக்குக் கடையையும் நிலத்தையும் எழுதி வைக்கிற தகப்பன்மார் நம்மிடையே உண்டு. இப்படி ஒரு பொறுப்பை எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்?

நம் சென்னைக்கு வாருங்கள். ஸ்காட்லாந்து மருத்துவர் பால்ஃபரின் முயற்சியில் 1850இலேயே சென்னையில் முகமதியப் பொது நூலகம் தொடங்கப்பட்டது. புகழ்பெற்ற கன்னிமாரா நூலகம் 1896 டிசம்பரில் திறக்கப்படுவதற்கு 46 ஆண்டுகள் முந்தையது அது. பொது நூலகம் என்பது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. நாம்தான் விட்டுவிட்டோம்.

நேரமில்லை என்கிறீர்களா?

இதையெல்லாம் கேட்டுவிட்டு வெளியே போனதும் நீங்கள் சொல்லப் போகிற பதில்கள் எனக்குத் தெரியும்.

"கடையைத் திறந்தால் மூடும்வரை நிற்க நேரமில்லை, எங்கே வாசிப்பது?" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இஷாவுக்குப் பிறகு, படுக்கப் போகும் முன் நாளுக்கு 15 பக்கம். அரை மணி நேரம் போதும். 14 நாளில் 210 பக்கம். ஒரு நடுத்தர நூல் முடிந்துவிட்டது. ஆண்டுக்கு 26 நூல்கள்! ஒவ்வொன்றும் 300 ரூபாய் என்று வைத்தாலும் 7,800 ரூபாய்ச் சரக்கு, முதல் போடாமல் உங்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்து செல்போனைத் தேய்க்கிற நேரத்தில் பாதியைக் கொடுத்தால் இது முடியும்.

"செல்போனிலேயே எல்லாம் வருகிறதே!" என்பார்கள் இளைஞர்கள். வருகிறது, உண்மைதான். யார் எழுதியது, எப்போது எழுதியது, ஆதாரம் என்ன என்று தெரியாத செய்தி நாளுக்கு ஐம்பது வருகிறது. அதைப் படித்துக் கொதித்து, பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, சமுதாயப் பணி செய்ததாக நினைக்கிறோம். நம்மைப் பற்றி எவரோ எழுதியதை எவரோ மேடையில் பேசுகிறார்கள். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நம் பிள்ளைகள் கோபத்தைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாமல் நிற்கிறார்கள். சச்சார் குழு தன் அறிக்கையை 2006இல் அளித்தது. அதன் பெயரைச் சொல்லாத கூட்டம் நம்மிடம் உண்டா? அதைத் தேடி எடுத்து நான்கு அத்தியாயம் வாசித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்பும்? உரிமையைக் கேட்கிறவனுக்குக் குரல் மட்டும் போதாது. பக்கமும் எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கமும் எண்ணும் நூலகத்தில் இருக்கின்றன.

"நூலகத்தில் பழைய நூல்கள்தானே கிடக்கும், நமக்கு வேண்டியது இருக்காது" என்பார் இன்னொருவர். உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாரா? வணிகர்களுக்கு 2017இல் வந்த ஜி.எஸ்.டி. பற்றிய விளக்க நூல்கள், நுகர்வோர் சட்டம், வருமான வரி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, தள்ளுவண்டிச் சகோதரர்களுக்குப் பாதுகாப்புத் தரும் 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் என்று நம் பிழைப்போடு நேரடித் தொடர்புள்ள நூல்கள் எத்தனையோ இருக்கின்றன. வேலை தேடும் பிள்ளைகளுக்குத் தேர்வாணையத் தேர்வு நூல்கள். இல்லையென்றால், கேட்டு எழுதுங்கள். எந்த நூல் வேண்டும் என்று நூலகரிடம் எழுத்தில் கொடுக்க எந்த வாசகருக்கும் உரிமை உண்டு. யாரும் கேட்காத சரக்கை எந்தக் கடைக்காரர் வாங்கி வைப்பார்? நம் வரலாறும் நம் இலக்கியமும் நூலக அலமாரியில் இல்லையே என்று வெளியே நின்று வருந்துவதைவிட, உறுப்பினராகி உள்ளே போய் ஐம்பது பேர் கேட்பது மேல்.

வேலை ஒன்று, எழுத்து ஒன்று என்று பிரித்துப் பேசுபவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். தோப்பில் முஹம்மது மீரான் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். வியாபாரத்துக்கு நடுவிலேதான் நாவல் எழுதினார். ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்கு 1997இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அவருடைய நூல்களைத் தமிழகம் முழுவதும் எல்லாச் சமுதாயத்து மக்களும் வாசிக்கிறார்கள். அவர் எழுதிய கடலோர மக்களின் பேரப்பிள்ளைகள் அவரை வாசித்திருக்கிறார்களா?

இரவல் நூலுக்கு உள்ள சிறப்பு

சிலருக்கு வசதி இருக்கிறது. "வேண்டிய நூலை விலைக்கே வாங்கிவிடுவேன்" என்கிறார்கள். வாங்குங்கள், எழுதுகிறவருக்கும் பதிப்பிக்கிறவருக்கும் நன்மை. ஆனால் இரவல் நூலில் மூன்று நன்மைகள் கூடுதலாக உண்டு.

முதலாவது, அதற்குத் தவணை உண்டு. விலைக்கு வாங்கிய நூல், அடுத்த மாதம் பார்ப்போம் என்று அலமாரியில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். இரவல் நூலின் தேதிச் சீட்டு நம்மை விரட்டும். நாள் நெருங்க நெருங்க வேகம் கூடும்.

இரண்டாவது, துணிந்து எடுக்கலாம். பெயர் தெரியாத ஆசிரியர், அறியாத துறை. வானவியலாக இருக்கட்டும், கப்பல் கட்டும் கதையாக இருக்கட்டும், ஆப்பிரிக்க நாவலாக இருக்கட்டும். எடுத்துப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நட்டம் இல்லை. நட்டப் பயம் இல்லாத இடத்தில்தான் புதிய வாசல் திறக்கிறது. பல பிள்ளைகளின் வாழ்க்கை தேடிப் போகாத நூல் ஒன்றால் திசை திரும்பியிருக்கிறது.

மூன்றாவது, அது அமானிதம். நம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். நமக்குப் பிறகு வரிசையில் இன்னொருவர் காத்திருக்கிறார். பக்கத்தை மடிக்காமல், பேனாவால் கோடு போடாமல், தேநீர் கொட்டாமல், படத்தைக் கிழிக்காமல், சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பது நம் கடமை. தாமதமானால் சிறு அபராதம் கேட்பார்கள். காசு சிறியது, அவமானம் பெரியது. சிறு வயதிலேயே ஒரு பிள்ளைக்கு அமானிதம் என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்க இதைவிட எளிய பாடம் இல்லை. நூலை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கப் பழகியவன் நாளை கடைப் பணத்தையும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுப்பான்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒரு நூல் வீட்டுக்குள் வந்தால் அதை ஒருவர் மட்டுமா வாசிக்கிறார்? வாப்பா வைத்துவிட்டுப் போனதை உம்மா எடுக்கிறார், அக்கா எடுக்கிறார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை படம் பார்க்கிறது. நூலகத்துக்குப் போக வாய்ப்புக் குறைந்த நம் வீட்டுப் பெண்களுக்கு நீங்கள் எடுத்து வரும் ஒரு நூல் பெரிய வாசல். கடையிலிருந்து வரும்போது பழம் வாங்கி வருகிறோம், பூ வாங்கி வருகிறோம். என்ன நூல் வேண்டும் என்று அவர்களிடம் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். அதைவிட, அவர்களையே அழைத்துப் போய் உறுப்பினராக்குங்கள். பெயர் எழுதிய உறுப்பினர் அட்டையைக் கையில் வாங்கும் அந்த முகத்தைப் பாருங்கள்.

என்ன செய்யப் போகிறோம்?

கேட்டோம், கலைந்தோம் என்று இந்தக் கூட்டம் முடிந்துவிடக் கூடாது. சில வேலைகளைச் சொல்கிறேன். எல்லாமே நம் கைக்கு எட்டியவை.

1. ஒவ்வொருவரும் இந்த மாதத்துக்குள் உறுப்பினர் ஆகுங்கள். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, ஒரு சிறு காப்புத் தொகை, அதைவிடச் சிறிய ஆண்டுச் சந்தா. ஒரு வேளைப் பிரியாணிக்குக் கொடுப்பதைவிட இது பெரிதல்ல. காப்புத் தொகை, விலகும்போது திரும்ப வந்துவிடும்.

2. நாள் அறிந்து போங்கள். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. நம் கடைகளில் பலவும் அன்றுதான் அடைப்பு. ஓய்வு கிடைக்கும் ஒரே நாளில் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, நூலகம் திறப்பதே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. உங்கள் ஊர் நூலக நேரத்தைக் கேட்டு எழுதிக் கடையில் ஒட்டி வையுங்கள். கடை முதலாளிகள் வேலை செய்யும் பையன்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் நூலகம் போக அனுமதி கொடுங்கள். பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுக் கடைக்கு வந்த அந்தப் பிள்ளைகளுக்கு இதுதான் மீதமிருக்கும் பள்ளிக்கூடம்.

3. தெருவுக்கு ஐந்து பேர் சேருங்கள். ஐந்து பேரும் ஐந்து வெவ்வேறு நூல்களை எடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஓர் இடத்தில் உட்கார்ந்து, வாசித்ததை ஒவ்வொருவரும் பத்து நிமிடம் சொல்லுங்கள். ஒரு நூல் வாசித்தவருக்கு ஐந்து நூலின் செய்தி கிடைக்கும்.

4. நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேருங்கள். அங்கே எல்லாச் சமுதாயத்து மக்களும் வருகிறார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே நூலைப் பற்றிப் பேசுகிறவர்களிடையே வதந்தி எளிதில் புகாது. நம்மைப் பற்றி அவர்களும் அவர்களைப் பற்றி நாமும் நேரில் அறிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் எங்கே?

5. வசதியுள்ள வணிகர்கள் நூலகத்தின் புரவலர் ஆகுங்கள். நாற்காலி இல்லையா, மின்விசிறி ஓடவில்லையா, கூரை ஒழுகுகிறதா என்று விசாரியுங்கள். எத்தனையோ கிளை நூலகங்கள் இடிந்த கட்டடத்திலும் இருட்டு அறையிலும் இயங்குகின்றன. இடம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள். நிலையான தர்மம் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு வழிதான்.

6. குறை இருந்தால் எழுத்தில் கேளுங்கள். நம்மிடம் வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்பு மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைத்ததா, எவ்வளவு நிலுவை என்று தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்கலாம். நம் பகுதியில் நூலகமே இல்லையென்றால் கையெழுத்து வாங்கி விண்ணப்பியுங்கள். ஆனால் ஒன்று. ஏற்கெனவே இருக்கும் நூலகத்தில் ஒருவர்கூட உறுப்பினர் ஆகாமல், புதிய நூலகம் கேட்டுப் போராட்டம் அறிவித்தால், அதிகாரி பதிவேட்டைத் திறந்து நம் முன் வைத்துவிடுவார். உரிமையைக் கேட்கும் முன் இருக்கும் உரிமையைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும்.

இளைஞர்களே! சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. மாடி மாடியாக நூல்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு முழு நாள் அங்கே செலவிட்டு வாருங்கள். அங்கே காலை முதல் இரவுவரை உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கிற ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தால் உங்களுக்கே ஒரு வேகம் பிறக்கும். ஆனால் அந்தப் பெரிய கட்டடங்களைப் பார்த்துவிட்டு நம் தெருமுனைக் கிளை நூலகத்தை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். தினமும் தாகம் தீர்ப்பது தூரத்து அணை அல்ல, வீட்டுப் பக்கத்துக் கிணறுதான்.

மெர்வ் நகரத்தில் ஒரு முன்னாள் அடிமையை நம்பி இருநூறு நூல்களைக் கொடுத்தார்கள். இங்கே நம்மை நம்பி நூல் கொடுக்க நூலகர் காத்திருக்கிறார். புதிய வரவுகள் அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் தேதிச் சீட்டு இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதில் விழும் முதல் முத்திரை உங்கள் பெயரில் விழட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவர் கையிலும் ஓர் இரவல் நூல் இருக்க வேண்டும். வாசலில் நின்று நானே பார்ப்பேன். வல்ல இறைவன் நமக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக!